புனிதையின் சொத்து: கோங்க் கிராமத்துப் பொற்சிலை யாருக்கு உரியதாக இருந்தது?

தென் பிரான்ஸின் அவெரோன் மாவட்டத்தில், தூர்து ஆற்றுக்கு மேலே மலைச்சரிவில் அமைந்த சிற்றூர் கோங்க். ஊரின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத பெரிய ரோமனெஸ்க் தேவாலயம் நடுவில் நிற்கிறது. அதன் கருவூலத்தில் 85 செ.மீ. உயரமுள்ள பொற்சிலை ஒன்று அரியணையில் அமர்ந்திருக்கிறது. கோங்க்கைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் கட்டடக் கலையையும் சாந்தியாகோ யாத்திரைப் பாதையையும் பேசினார்கள். சொத்துரிமை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. இந்தச் செல்வம் யாருடையது என்று அந்தந்தக் காலத்து மக்கள் நினைத்தார்கள் என்பதைத் தொடர்ந்து பார்த்தால், எது தப்பியது, எது அழிந்தது என்பதற்கும் விடை கிடைக்கிறது.

தொடக்கமே ஒரு திருட்டுதான். 819இல் பேரரசர் லூயியின் சாசனம் பெற்ற கோங்க் மடத்துக்கு, பக்கத்திலிருந்த ஃபிஜாக் மடம் போட்டியாக எழுந்தது. கோங்க்குக்கு அடியார்களை இழுக்க ஒரு புனிதர் தேவைப்பட்டார். அரிவிஸ்கஸ் என்ற துறவி அஜான் நகருக்குப் போனார். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே உயிர்த்தியாகம் செய்ததாகக் கருதப்படும் ஃபுவா என்ற சிறுமியின் கல்லறைக்குக் காவலராகும் அளவுக்கு நம்பிக்கை பெற்றார். பத்தாண்டு காத்திருந்து, 866 வாக்கில் எலும்புகளை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். நமக்குக் கிடைக்கும் கதை இது. இதை எழுதி வைத்தது திருட்டுக் கொடுத்த அஜான்காரர்கள் அல்ல, கோங்க் மடத்தாரே. அதுவும் நெடுங்காலம் கழித்து, கூச்சமே இல்லாமல். புனிதருக்குச் சம்மதம் இல்லையென்றால் அவரை யாராலும் அசைத்திருக்க முடியாது என்பது அவர்கள் வாதம். இடைக்காலத்தில் இப்படிப்பட்ட திருட்டுக் கதைகள் தனி இலக்கிய வகையாகவே வளர்ந்ததைப் பாட்ரிக் கியரி 1978இல் வெளியான நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஆகவே விவரங்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் எங்கே குடியிருப்பது என்று ஃபுவாவே தீர்மானிக்கிறார் என்ற எண்ணம் இதில் தெளிவாகத் தெரிகிறது.

அந்த எண்ணத்துக்கு உருவம் கொடுத்ததுதான் சிலை. மரத்தால் ஆன உள்கூட்டின் மேல் பொன் தகடு போர்த்தியிருக்கிறார்கள். உடலுக்குப் பொருந்தாத பெரிய தலை, சற்றே மேல்நோக்கிய முகம், அகல விழித்த கண்கள். 1950களில் ழான் தாராலோன் தலைமையில் நடந்த சீரமைப்பு இதற்கு விளக்கம் தந்தது: தலை பிற்கால ரோமானியர் காலத்தைச் சேர்ந்த, வேறெதற்கோ செய்யப்பட்ட பொன்முகம். மற்ற பகுதிகளெல்லாம் அதற்குப் பின்னர் சேர்ந்தவை. உடல் முழுதும் பதித்த மணிகளும் பழங்கால முத்திரைக் கற்களும் பல நூற்றாண்டுக் காணிக்கைகள். கைகள் கூடப் பின்னாளில் மாற்றப்பட்டவை. ஒரே காலத்தில் ஒரே கொல்லர் செய்து முடித்த படைப்பாக இதைப் பார்ப்பது தவறு. வரவு நிற்காத கணக்குப் புத்தகம் என்று சொன்னால் பொருந்தும்.

1013 வாக்கில் வடக்கிலிருந்து வந்த பெர்னார் என்ற படிப்பாளி இந்தச் சிலையைக் கண்டு முதலில் நகைத்தார். வீனஸுக்கோ டயானாவுக்கோ செய்யும் உருவ வழிபாடு இது என்று எண்ணினார். பிறகு மனம் மாறி, ஃபுவாவின் அற்புதங்களைத் தொகுத்தார். அவர் தரும் செய்திகள் வரலாற்றாசிரியருக்குப் புதையல். ஃபுவா பெண்களின் கனவில் வந்து மோதிரமும் வளையலும் கேட்கிறார். தர மறுத்தவர்களைப் படாதபாடு படுத்துகிறார். சிறைப்பட்டவர்களை விடுவிக்கிறார், அவர்கள் விலங்குகளைக் கொண்டுவந்து கோவிலில் போடுகிறார்கள். மடத்து நிலத்தை யாராவது பறித்தால், துறவிகள் சிலையை ஊர்வலமாக அந்த நிலத்துக்கே எழுந்தருளச் செய்கிறார்கள். உரிமைக்காரர் நேரில் வந்துவிட்டார் என்பது பொருள். 1879இல் குஸ்தாவ் தெஜார்தேன் பதிப்பித்த மடத்துச் சாசனத் தொகுப்பும் இதற்குத் துணை நிற்கிறது: நிலக்கொடைகள் கடவுளுக்கும் புனித ஃபுவாவுக்கும் வழங்கப்படுகின்றன. சட்டத்தின் கண்ணிலும் அந்தச் சிறுமி நிலச்சொந்தக்காரிதான்.

பதினோராம் நூற்றாண்டில் மடாதிபதி ஓதோல்ரிக் புதிய தேவாலயத்தைத் தொடங்கினார். பின்வந்த மூன்றாம் பெகோன் தூண்தாழ்வார முற்றத்தை எழுப்பினார். வாயிலுக்கு மேலே 124 உருவங்களோடு இறுதித் தீர்ப்புக் காட்சி செதுக்கப்பட்டது. நரகத்தின் பக்கம் ஒரு கஞ்சன் கழுத்தில் பணப்பையோடு தொங்குகிறான். சொர்க்கத்தின் பக்கம் ஃபுவா இறைவனின் கைமுன் பணிந்து கிடக்கிறார். பின்னால் விடுதலையானவர்களின் விலங்குகள். கொடுத்தவர், கொடாதவர் என்ற கணக்கு கல்லிலும் ஏறிவிட்டது.

அதன் பிறகு நெடிய இறங்குமுகம். 1537இல் துறவிகளின் இடத்துக்குத் திருச்சபைக் கனன்கள், அதாவது துறவற விதிக்கு உட்படாத குருமார் குழுவினர், வந்தனர். மதப்போரில் தேவாலயம் தீக்கிரையானது.

நம் வாதத்துக்கு முக்கியமானது பிரெஞ்சுப் புரட்சிக் காலம். கனன்கள் சபை கலைக்கப்பட்டது. தேவாலயப் பொன்னும் வெள்ளியும் உருக்குவதற்குப் போய்க்கொண்டிருந்தன; சேன் தெனி மடத்தின் புகழ்பெற்ற கருவூலத்தில் பெரும்பகுதி அப்படித்தான் மறைந்தது. கோங்க்கில் ஊர்க்காரர்கள் முந்திக்கொண்டார்கள். பொருள்களைப் பங்கிட்டு எடுத்துப்போய், வீடுகளிலும் தோட்டங்களிலும் கஷ்கொட்டை உலர்த்தும் குடில்களிலும் மறைத்தார்கள் என்பது ஊரில் வழங்கும் செய்தி. ஆபத்து நீங்கியதும் திருப்பிக் கொடுத்தார்கள். ஏழை விவசாயிகளின் கையில் பொன் இருந்தும் சிலை உருகாமல் மீண்டது.

இதை மரபுணர்வு என்று புகழ்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. புரட்சிக்குப் பிந்திய ஆண்டுகளில் பெகோனின் முற்றம் இதே ஊரில் கல்லெடுக்கும் இடமாகிப்போனது. இன்று மிஞ்சியிருப்பது சில வளைவுகளே. பழமையைக் காக்கும் எண்ணம் இருந்திருந்தால் முற்றமும் தப்பியிருக்கும். முற்றம் கனன்களுடையது, கனன்கள் போய்விட்டார்கள். பொன் ஃபுவாவுடையது, ஃபுவா போகவில்லை. இந்த வேறுபாடுதான் ஒன்றைக் காத்து மற்றொன்றைக் கைவிட்டது என்று நான் கருதுகிறேன்.

1837இல் வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளர் ப்ரோஸ்பேர் மெரிமே வந்தார். இவ்வளவு ஒதுக்குப்புறத்தில் இத்தனை செல்வமா என்று வியந்தார். 1840இல் வெளியான முதல் பாதுகாப்புப் பட்டியலில் தேவாலயம் இடம்பெற்றது. கோங்க்கை மெரிமே காப்பாற்றினார் என்ற வழக்கமான கூற்று கட்டடத்தைப் பொறுத்தவரை நியாயமானது. பொன்னுக்கு அது பொருந்தாது. அது அவர் வருவதற்கு முன்பே காப்பாற்றப்பட்டுவிட்டது. மெரிமேயோடு புதிய உரிமைக்காரர் ஒருவர் வந்தார்: தேசம். 1873இல் ப்ரெமோந்த்ரே துறவிகள் குடியேறினர். 1875இல் சீரமைப்பின்போது பலிபீடத்துக்குப் பின்னிருந்த சுவரில் புனிதையின் எலும்புகள் வைத்த பேழை கிடைத்தது. அரசின் மராமத்து வேலையில் பக்தர்களுக்குப் புதையல்!

அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பழைய ஊர்த் தேவாலயங்கள் கம்யூன்களின், அதாவது ஊராட்சிகளின், உடைமை என்பது உறுதியானது. ஆனாலும் தேசத்தின் கை விலகவில்லை. பக்கத்து ரோதேஸ் நகரில் பிறந்த ஓவியர் பியர் சூலாஜிடம் கண்ணாடி வேலையைப் பண்பாட்டு அமைச்சகம் ஒப்படைத்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பொருத்திய வண்ண உருவக் கண்ணாடிகள் கழற்றப்பட்டன. நிறமும் உருவமும் இல்லாத கண்ணாடியில், கரிய கோடுகள் மட்டும் ஓடும் 104 சாளரங்கள் 1994இல் அமைந்தன. 1998இல் யுனெஸ்கோ பட்டியலில் பிரான்ஸின் சாந்தியாகோ பாதைகளின் பகுதியாகத் தேவாலயமும் தூர்து ஆற்றின் பாலமும் சேர்ந்தன. 2016 ஜனவரி 1 அன்று கோங்க் அண்டையிலிருந்த மூன்று கம்யூன்களோடு இணைந்து ‘கோங்க்-ஆன்-ரூவெர்க்’ ஆனது. கூரை ஒழுகினாலும் கருவூலத்தின் பூட்டுப் பழுதானாலும் இப்போது முதலில் பதில் சொல்ல வேண்டியது அந்தப் புதிய கம்யூனின் மன்றமே.