தோற்ற ஊர்களின் ஆற்றங்கரை

கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்த புதிதில் எனக்கு இருந்த பெரிய ஏமாற்றம், ஆறு கண்ணில் படாததுதான். (2001-ல் கொல்கத்தா என்று பெயர் மாறிவிட்டது. எங்கள் வீட்டில் இன்னும் கல்கத்தாதான்.) நான் பிறந்தது பொறையாரில், காவிரியின் கடைமடை. ஆற்றங்கரை ஊர் என்றால் படித்துறை இருக்கும், அரசமரம் இருக்கும், யாராவது குளித்துக்கொண்டிருப்பார்கள் என்று மனசில் ஒரு படம். இங்கே ஸ்ட்ராண்ட் ரோடில் நடந்தால் ஒரு பக்கம் குடோன், அதைத் தாண்டினால் சர்க்குலர் ரயில் தண்டவாளம், அதற்கப்புறம் மதில். ஆறு எங்கே என்றால் "சுவருக்கு அந்தப் பக்கம்" என்கிறார்கள்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தும் படகில் போயும் ஹூக்ளியை எனக்குப் பிடித்த துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். (இங்கே யாரும் ஹூக்ளி என்று சொல்வதில்லை, கங்கா என்றுதான் சொல்வார்கள்.) அந்தத் துண்டுகளை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. நடக்க நன்றாக இருக்கும் கரைகள் எல்லாமே வியாபாரத்தில் தோற்றுப்போன ஊர்களின் கரைகள். ஜெயித்த ஊர் ஆற்றை மறைத்துக்கொண்டது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. வங்காளத்தின் பெரிய துறைமுகமாக இருந்தது சப்தகிராமம். அது இருந்த சரஸ்வதி ஆறு 16-ம் நூற்றாண்டில் மணல் மூடிப் போனது. போர்த்துகீசியர் ஹூக்ளி என்ற ஊரில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களை 1632-ல் ஷாஜகானின் படை விரட்டியது. பிறகு வரிசையாக, ஆற்றின் மேற்குக் கரையிலேயே சுஞ்சுடாவில் டச்சுக்காரர், சந்தன்நகரில் பிரெஞ்சுக்காரர், ஸ்ரீராம்பூரில் டேனிஷ்காரர். ஆங்கிலேயர் மட்டும் 1690-ல் கிழக்குக் கரையில், எல்லோருக்கும் கீழே, கடலுக்குக் கிட்டே இடம் பிடித்தார்கள். ஆழமான தண்ணீர் அங்கேதான். மேலே இருப்பவர்களின் கப்பல் எல்லாம் இவர்கள் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். கடைமடைக்காரன் சொல்கிறேன், எங்கள் வாய்க்காலில் மேலே இருப்பவன் ராஜா. இங்கே கீழே இருந்தவன் ராஜா ஆனான் :-)

பிரின்செப் காட் - பாபு காட்

கல்கத்தாவுக்குள் எனக்குப் பிடித்தது இந்த இரண்டு கிலோமீட்டர். வெள்ளைத் தூண்கள் வைத்த மண்டபம் ஜேம்ஸ் பிரின்செப் நினைவாகக் கட்டியது. நாணயச்சாலையில் உலோகம் சோதிக்கும் வேலை பார்த்தவர், ஓய்வு நேரத்தில் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டினார். 1837-ல் அது பிடிபட்டது, 1840-ல் நாற்பது வயதில் இறந்துவிட்டார். அசோகர் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர் பெயர் இருப்பது நமக்குத் தெரிய வந்தது அவர் போட்ட பாதையில்தான். அதனால் அந்தப் பக்கம் போனால் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நடப்பேன்.

மறுமுனையில் உள்ள பாபு காட், ராணி ராஷ்மணியின் கணவர் பெயரில் 1830-ல் கட்டியது. ராணியைப் பற்றி இந்த ஊரில் சொல்லும் கதை ஒன்று உண்டு. மீன்பிடிப் படகுகளுக்குக் கம்பெனி வரி போட்டதாம். இவர் பத்தாயிரம் ரூபாய் கட்டி ஆற்றில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்தார், குறுக்கே இரும்புச் சங்கிலி கட்டிவிட்டார். கப்பல் நின்றது, வரி போனது. தட்சிணேஸ்வரம் காளி கோயிலைக் கட்டியவரும் இவரே (1855).

இங்கே துடுப்புப் படகில் போகலாம். ஏறும் முன்னால் படகுக்காரரிடம், "தாதா, ஜோவாரா பாட்டாவா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்றமா வற்றமா என்று அர்த்தம். கடல் ஏறும்போது ஆறு பின்னோக்கி ஓடும். நான் முதல்முறை கேட்காமல் ஏறி, அரைமணி நேர சவாரி ஒன்றேகால் மணி ஆனது. சில நாட்களில் ஏற்றம் சுவர் மாதிரி அலையாகவே வரும், அதற்கு 'பான்' என்று பெயர். கரையில் யாராவது "பான் ஆஷ்சே" என்று கத்தினால் படகுகள் கரையை விட்டு நடு ஆற்றுக்கு ஓடும். கரையில் கட்டிக் கிடந்தால்தான் ஆபத்து.

ஜெயித்த ஊரில் இந்த நடைபாதை எப்படி வந்தது என்று கேட்கலாம். திறந்தது 2012-ல். அதற்குள் துறைமுகத்தின் பொற்காலம் முடிந்திருந்தது. ஆறு தூர்ந்துகொண்டே வந்தது. மணலைத் தள்ள கங்கைத் தண்ணீரைத் திருப்பிவிட 1975-ல் பராக்கா அணை வந்தது, பெரிய கப்பல்களுக்காக 1977-ல் கீழே ஹால்டியா துறைமுகம் வந்தது. கப்பல் குறைந்த பிறகுதான் நடக்கிறவனுக்கு இடம் கிடைத்தது.

சந்தன்நகர் ஸ்ட்ராண்ட்

ஹவுராவிலிருந்து பாண்டெல் லோக்கலில் ஏறினால் சுமார் 33 கிலோமீட்டர். கிழக்கிந்தியாவின் முதல் ரயில் 1854 ஆகஸ்ட் 15 அன்று இதே வழியில்தான் ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்குப் போனது.

ஸ்ட்ராண்ட் ஒரு கிலோமீட்டர் நீளம். மரநிழல், பெஞ்சு, எதிரே அகலமாக ஆறு, குடோன் கிடையாது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடந்தவர்களுக்குப் பார்த்ததுமே புரியும், இது அதன் உடன்பிறப்பு. டூப்ளே பத்து வருடம் (1731-41) இங்கே நிர்வாகம் செய்துவிட்டுத்தான் 1742-ல் புதுச்சேரி கவர்னர் ஆனார். இங்கே வியாபாரத்தில் கல்கத்தாவுக்கே சவால் விட்டவர்.

அது 1757 மார்ச்சில் முடிந்தது. ஆங்கிலேயக் கப்பல்கள் வராமல் இருக்க பிரெஞ்சுக்காரர்கள் ஆற்றில் தங்கள் கப்பல்களையே மூழ்கடித்துப் பார்த்தார்கள். வாட்சனின் கப்பல்கள் இடைவெளி கண்டுபிடித்து ஏறி வந்து கோட்டையை அடித்தன. தரைவழியே கிளைவ். பிளாசிக்கு மூன்று மாதம் முன்னால். 1763 ஒப்பந்தத்தில் ஊரைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஆனால் கோட்டை கூடாது, படை கூடாது என்று நிபந்தனை. கோட்டை கட்டக்கூடாத கரையில் வேறு என்ன செய்வது? உலாவ வேண்டியதுதான்.

கடைசியில் 1949-ல் இந்த ஊர்மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். மிகப்பெரும்பான்மை இந்தியாவோடு சேரச் சொன்னது. 1950-ல் நிர்வாகம் கைமாறி, 1954-ல் மேற்கு வங்கத்தோடு சேர்ந்தது.

சுஞ்சுடா - பாண்டெல்

இதை சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஆற்றை ஒட்டி 1861-ல் கட்டி முடித்த ஹூக்ளி இமாம்பாரா, அதன் மணிக்கூண்டு மேலிருந்து ஆற்றைப் பார்க்க வேண்டும். வடக்கே போர்த்துகீசியரின் பாண்டெல் மாதா கோயில். டச்சுக்காரர்கள் 1824 ஒப்பந்தப்படி சுஞ்சுடாவை ஆங்கிலேயரிடம் கொடுத்து, சுமத்ராவில் பென்கூலனை வாங்கிக்கொண்டார்கள். அதே ஒப்பந்தத்தில் நம்ம பழவேற்காடும் சதுரங்கப்பட்டினமும் தூத்துக்குடியும் சேர்ந்தே போயின.

ஸ்ரீராம்பூர் - பாரக்பூர் படகு

வழியில் முதலில் வரும் ஊரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

1755-லிருந்து இது டேனிஷ்காரர்களின் பிரெடெரிக்ஸ்நகர். ஐரோப்பாவில் சண்டை நடந்தபோதெல்லாம் நடுநிலைக் கொடியின் கீழ் நல்ல வியாபாரம். கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனரிகளை அனுமதிக்காததால் 1800-ல் வில்லியம் கேரி இங்கே வந்து அச்சகம் போட்டார். ஆற்றைப் பார்த்து நிற்கும் கல்லூரி 1818-ல் ஆரம்பித்தது. 1808-ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து 1815 வரை வைத்திருந்ததில் வியாபாரம் படுத்தது. எழுந்திருக்கவே இல்லை.

இரண்டு வருடம் முன்பு அப்பா வந்திருந்தார். "ஆறு பாக்கணும்டா, ஆத்துல போகணும்" என்றார். ஸ்ரீராம்பூருக்கு அழைத்துப் போனேன். செயின்ட் ஓலாவ் தேவாலயத்தின் (1806) முகப்பை அண்ணாந்து பார்த்தவர், "டேய், இந்தக் கிரீடம் நம்ம தரங்கம்பாடி வாசல்ல இருக்கறதுல்ல?" என்றார். பொறையாரிலிருந்து தரங்கம்பாடி கூப்பிடு தூரம். வாழ்நாள் முழுக்க அந்த நகர வாசல் வழியாக சைக்கிளில் போனவர்.

"ஆமாம்ப்பா, ரெண்டையும் ஒண்ணாத்தான் வித்தாங்க" என்றேன்.

1845-ல் தரங்கம்பாடி, ஸ்ரீராம்பூர், கூடவே பாலசோரில் ஒரு துண்டு நிலம், எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய். டென்மார்க் விற்றது, கம்பெனி வாங்கியது.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. லாஞ்சில் ஏறினோம். எதிர்க்கரை பாரக்பூர், கவர்னர் ஜெனரல்கள் கோடைக்கு வந்து தங்கிய இடம், 1857-ல் மங்கள் பாண்டே துப்பாக்கி தூக்கிய இடம். சில நிமிடப் பயணம்தான். நடு ஆற்றில் அப்பா கேட்டார்: "வித்தப்ப ஊர்ல இருந்தவங்கள யாராவது கேட்டாங்களா?"

கேட்கவில்லை. மேலே சந்தன்நகர்க்காரர்களை நூறு வருடம் கழித்துக் கேட்டார்கள். இங்கேயும் தரங்கம்பாடியிலும் யாரும் கேட்கவில்லை. நான் இத்தனை நாளாகத் தோற்ற ஊர், ஜெயித்த ஊர் என்று கணக்குப் போட்டதில் ஒரு பிழை இருப்பது அப்போதுதான் தெரிந்தது. தோற்றது டேனிஷ் கம்பெனியும் பிரெஞ்சுக் கம்பெனியும். ஊர்க்காரர்கள் பந்தயத்திலேயே இல்லை. அவர்கள் பாட்டுக்குப் படித்துறையில் குளித்தார்கள், மீன் பிடித்தார்கள், இன்றைக்கும் அதைத்தான் செய்கிறார்கள்.

இந்தக் கரைகளை முழுக்கச் சொர்க்கம் என்று நினைத்து வராதீர்கள். ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ஆற்றை ஒட்டியே நடக்க முடியாது. 1855-ல் பக்கத்து ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை வந்ததிலிருந்து இரண்டு கரையிலும் ஆலைச் சுவர்கள். அங்கங்கே இறங்கி, கொஞ்சம் நடந்து, லாஞ்ச் பிடித்து எதிர்க்கரை போய், மறுபடி ரயில். அப்படித்தான் பார்க்க முடியும்.

கல்கத்தாவில் 2024 மார்ச்சிலிருந்து ஆற்றுக்கு அடியிலேயே மெட்ரோ ஓடுகிறது. முக்கால் நிமிடத்தில் ஹூக்ளியைக் கடந்துவிடலாம், ஆறு வரும் இடத்தில் நீல விளக்கு எரியும். அலுவலகத்துக்கு அதில்தான் போகிறேன், வசதியாகத்தான் இருக்கிறது. அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"ஆறு தெரியுமா?" என்றார்.

"தெரியாதுப்பா."

"அப்ப நான் வர்றப்ப லாஞ்சுலயே போவோம்" என்று வைத்துவிட்டார்.