காப்பார்க் குடும்பங்களின் கொடிவழி

சில ஆண்டுகளுக்கு முன்பு என் பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்கு வந்து, தம் பாட்டனாரைப் பெற்றவர் பெயர் நம் ஏடுகளில் கிடைக்குமா என்று கேட்டார். சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டினோம். அவர் தந்தையின் பெயர் இருந்தது. தந்தைக்குத் தந்தையின் பெயரும் இருந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. காப்பார் வட்டாரத் தோட்டக் குடும்பங்கள் பலவற்றின் வரலாறு இந்த இரண்டு படிகளிலேயே நின்றுவிடுகிறது.

அமெரிக்காவில் 'கவுண்டி' எனப்படும் வட்டாரங்கள் பலவற்றுக்கு, 1876ஆம் ஆண்டு விடுதலை நூற்றாண்டு விழாவை ஒட்டியும் அதன் பின்னரும் தனித்தனி வரலாற்று நூல்கள் எழுந்தன. ஊர் தோன்றிய கதையோடு ஊர்க் குடும்பங்களின் கதையும் அவற்றில் இடம்பெற்றது. நிலப் பத்திரமும் உயிலும் திருமணப் பதிவும் கவுண்டி அலுவலகங்களில் காக்கப்பட்டமை இதற்குத் துணைநின்றது. (பணம் கட்டியவர் வரலாறே பல நூல்களில் விரிவாக அச்சேறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) நம் முன்னோருக்கு நிலமில்லை, ஆகவே பத்திரமுமில்லை, உயிலுமில்லை. கிராணி எழுதிய செக்ரோல் புத்தகமே அவர்கள் வாழ்ந்ததற்குச் சான்று. தோட்டம் ஒன்று கைமாறியபோது அத்தகைய புத்தகங்கள் குப்பையோடு எரிந்ததை என் கண்ணால் கண்டேன்.

ஆயினும் வழி அடியோடு அடைபடவில்லை. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டு, 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுற்றபின், ஆள்சேர்ப்பில் கங்காணிமாரின் கை ஓங்கிற்று. கங்காணி பெரும்பாலும் தம் சொந்த ஊருக்கே சென்று உற்றாரையும் அயலாரையும் திரட்டினார். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, 1901இல் திறக்கப்பட்டு 1972இல் கிள்ளான் துறைமுகமெனப் பெயர்பெற்ற சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கியோர், ஊரையே பெயர்த்துவந்தவர்போல் ஒரே லயத்தில் குடியமர்ந்ததும் உண்டு. கங்காணியின் ஊர் தெரிந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. அதுவும் தெரியாதவரிடம் குலதெய்வம் எது என்று கேட்பேன். ஊர்ப் பெயரை மறந்தவரும் குலதெய்வத்தை மறப்பதில்லை.

1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் வருகையைத் தடைசெய்தது. அடுத்து வந்த சப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர் திரும்பவில்லை. எத்தனையோ குடும்பங்களில் ஒரு பாட்டனாருக்கு இறந்த நாளே இல்லை. 'சயாமுக்குப் போனவர்' என்பதோடு சரி.

பெயர்முறையும் தேடுவோரைத் திணறவைக்கும். மேலைநாட்டார்க்குக் குடும்பப் பெயர் தலைமுறைதோறும் தொடர்கிறது. நமக்கோ தந்தை பெயர் முன்னெழுத்தாக நின்று, மகன் காலத்தில் மறைகிறது. போதாக்குறைக்கு, கிராணி கேட்டபடி எழுதிய இலட்சுமணன் பிறப்புப் பத்திரத்தில் 'லெட்சுமணன்'. அடையாள அட்டையில் வேறோர் எழுத்து. ஆனால் பாட்டன் பெயரைச் சுமப்பவன் 'பெயரன்' அல்லனோ? ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு மீண்டும் வருமாயின், அது நல்ல துப்பு.

அம்மாணவரின் பெயரையும் அவ்வாறே சோதித்தோம். அவருடைய பாட்டனாரின் தங்கை முதுமையில் மேரு சாலையில் இருந்தார். பார்வை மங்கிய அம்மூதாட்டி, "உன் பேருதாண்டா அவங்க பேரு" என்றார். மறுநாள் பதிவேட்டின் ஓரத்தில் அப்பெயரைப் பென்சிலால் எழுதிவைத்தேன். விதிப்படி அது குற்றமே.