சப்பாத்தும் ஓர் அகராதியும்



என் முன்னாள் மாணவி ஒருத்தி மலாயாப் பல்கலைக்கழகத்தில் எசுபானிய மொழியை முதன்மைப் பாடமாகப் பயில விரும்புகிறாள். அவளுடைய தந்தையார் பள்ளிக்கு வந்து, “அதைப் படித்து என்ன பயன், டீச்சர்? இருக்கிற தமிழும் மறந்து போகுமே!” என்று வருந்தினார். அவரிடம் நான் கூறிய வரலாற்றை ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்குமாக இங்கே பதிவு செய்கிறேன்.

தமிழகத்தில் சமயப்பணி ஆற்ற வந்த போர்த்துகீசியப் பாதிரிமார்கள் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் தமிழைக் கற்றனர். தமிழ் நூல்களை அச்சிட்டனர். அவர்களுள் ஒருவரான அந்தாவோ டி புரோயென்சா தொகுத்த தமிழ்-போர்த்துகீசிய அகராதி 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது. தமிழ்ச் சொற்களுக்குப் போர்த்துகீசிய மொழியில் பொருள் கூறும் நூல் அது. காலப்போக்கில் தமிழுலகம் அதனை மறந்தது.

அந்நூலின் படியை 1954-இல் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்தவர் தவத்திரு தனிநாயகம் அடிகளார். யாழ்ப்பாணத் தீவகத்தில் 1913-இல் பிறந்த அடிகளார் உரோமையில் பயின்றவர். போர்த்துகீசியம், எசுபானியம், பிரஞ்சு, இத்தாலியம் முதலிய மொழிகளை அறிந்தவர். அதன் பின்னரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழை முறையாகப் பயின்றார். பிறமொழிக் கல்வி அவரைத் தமிழிலிருந்து பிரிக்கவில்லை. தமிழின் தொலைந்த ஏடுகளிடம் கொண்டு சேர்த்தது. போர்த்துகீசியம் அறியாதார் கையில் அவ்வகராதி கிடைத்திருந்தாலும் பாதி ஊமையாகவே இருந்திருக்கும்.

1961-இல் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்றார். 1966-இல் அதே துறை அவ்வகராதியை மறுபதிப்பாக வெளியிட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடும் கோலாலம்பூரில் கூடியது. மாநாட்டை நடத்திய உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் முதல் தலைவர் சான் பிலியோசா என்னும் பிரஞ்சு அறிஞர். தமிழ் கற்ற பிரஞ்சுக்காரரும் ஐரோப்பிய மொழிகள் கற்ற தமிழரும் ஒரே பணியில் இணைந்தனர்.

இவ்வரலாற்றின் சுவடு நம் வகுப்பறையிலும் உண்டு. நம் பிள்ளைகள் காலில் அணிவதைச் ‘சப்பாத்து’ என்கிறோம். மலாயில் அது ‘செப்பாத்து’, போர்த்துகீசியத்தில் ‘சப்பாத்து’. ‘மேசை’ மலாயில் ‘மேஜா’. போர்த்துகீசியத்திலும் அதன் உடன்பிறந்த மொழியாகிய எசுபானியத்திலும் ‘மேசா’. 1511 முதல் 1641 வரை போர்த்துகீசியர் ஆண்ட மலாக்கா, ஜொகூருக்கு அண்டை மாநிலமன்றோ!

வேலை கிடைக்குமா என்றும் அத்தந்தையார் கேட்டார். அதற்கு உறுதிகூற என்னால் இயலாது என்று உண்மையையே சொன்னேன். ஆயினும் ஒரு மொழியை ஆழ்ந்து கற்பவள், அம்மொழி மக்கள் நம்மைப் பற்றி எழுதி வைத்ததைத் தானே படித்தறியும் ஆற்றலைப் பெறுகிறாள். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கே அதன் முழுப் பயனும் கிட்டும்.

ஆகவே பெற்றோர்களே, பிறமொழி கற்கும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். தமிழையும் கைவிடாமல் செல்லச் சொல்லுங்கள். அத்தந்தையாருக்கும் இதையே கூறி அனுப்பினேன்.