நன்றாகத் தின்றும் மெலியும் ஆடு

தீபாவளி நெருங்கிவிட்டால் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஆட்டிறைச்சி விலையைப் பற்றித்தான் பேச்சு. ஆடு வளர்ப்பவரின் கவலையை யாரும் பேசுவதில்லை. தொங்கும் காதும் வளைந்த மூக்கும் கொண்ட ஜம்னாபாரி ஆடு மலேசியப் பண்ணைகளுக்குப் புதியதல்ல. அதன் தாயகமான வட இந்தியாவில் அந்த இனத்தை வாட்டிய ஒரு நோயின் வரலாறு, இங்குள்ள வளர்ப்போருக்கும் பாடமாகும்.

அதன் பெயர் ஜோன்ஸ் நோய். காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு கிருமி குடலில் தங்கி, குடல் சுவரைத் தடிக்கச் செய்கிறது. ஆடு வழக்கம்போல் தின்னும். சத்து உடலில் சேராது. மாடுகளைப் போல ஆடுகளுக்கு எப்போதும் கழிச்சல் காண்பதில்லை. அதனால் குடற்புழு என்று நினைத்துப் பூச்சி மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். குட்டியாக இருந்தபோது தொற்றிய கிருமி, ஓராண்டு, ஈராண்டு கழித்தே தன்னைக் காட்டும். அதற்குள் சாணத்தின் வழியும் பாலின் வழியும் மந்தையில் பரவியிருக்கும். மெலிந்த ஆட்டை மட்டும் கழித்தால் போதாது என்பதன் காரணம் இதுவே.

1895-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஜோன், பிராதிங்ஹாம் என்ற இருவர் ஒரு மாட்டின் குடலில் இக்கிருமியைக் கண்டனர். அதைக் காசநோயின் ஒரு வகை என்றே எண்ணினர். தனி நோய் என்று 1906-ல் எடுத்துரைத்தவர் டென்மார்க்கின் பாங். 1926-ல் பிரான்சில் வல்லே, ரிஞ்சார் இருவரும் முதல் தடுப்பூசியை வெளியிட்டனர்.

ஆடுகளுக்கு அதன் பயனைக் காட்டிய நாடு நார்வே. அங்கு 1967 முதல் ஆட்டுக்குட்டிகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. வெட்டிப் பரிசோதித்த ஆடுகளில் 53 விழுக்காடாக இருந்த நோய், பின்னர் 1 விழுக்காடாகக் குறைந்ததாக 1985-ல் பதிவானது.

இந்தியாவில் மதுராவுக்கு அருகே மக்தூமில், 1979-ல் தொடங்கிய மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிலையம் இந்நோயை ஆராய்ந்தது. நோயுற்ற ஒரு ஜம்னாபாரி ஆட்டிலிருந்து எடுத்த கிருமியைக் கொன்று, ஷூர் வீர் சிங் குழுவினர் உள்நாட்டுத் தடுப்பூசியை உருவாக்கினர். அதன் சோதனை முடிவுகள் 2007-ல் வெளிவந்தன. தடுப்பூசி பெற்ற ஆடுகள் எடை கூடின. அவை வெளியேற்றிய கிருமிகளும் குறைந்தன.

ஆனால் ஊசி மட்டுமே தீர்வாகாது. அது நோயை அடக்குமே தவிர, தொற்றை முழுமையாக நிறுத்தாது. ஊசி போட்ட இடத்தில் கட்டி வரலாம். காசநோய்ச் சோதனையின் முடிவையும் அது குழப்பலாம். எனவே கால்நடை மருத்துவரின் ஆலோசனை அவசியம். கொட்டகைச் சுத்தமும், நோயற்ற தாயின் சீம்பாலும், ஆடு வாங்கும்போது அதன் மந்தையைப் பற்றிய விசாரணையும் உடன் வேண்டும். கொழுத்த ஆடெல்லாம் நோயற்ற ஆடல்ல என்பதே இந்த வரலாறு கற்றுத் தரும் பாடம்.