பசளையின் அரசியற் பொருளாதாரம்: மண்வளச் சீரழிவும் அதன் தீர்வுகளும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சுற்றாடற் பிரச்சினைகள் பற்றிய இன்றைய எழுத்துக்களில் அடிக்கடி இடம்பெறும் சொல் 'மனிதகுலம்' என்பதாகும். மனிதகுலம் காடுகளை அழித்துவிட்டது, மனிதகுலம் வளிமண்டலத்தை மாசுபடுத்திவிட்டது, எனவே மனிதகுலமே விழித்தெழ வேண்டும் என்றவாறு வாதம் செல்கிறது. இவ்வாதம் முற்றிலும் பொய்யன்று. ஆயினும் வரலாற்று மாணவர் இதனைக் கேட்டவுடன் எழுப்ப வேண்டிய வினாக்கள் சில உள. எந்த மனிதர்? எக்காலத்தில்? எத்தகைய உற்பத்தி உறவுகளின் கீழ்? அழிவினால் இலாபம் பெற்றோர் யாவர், அதன் சுமையைத் தாங்கியோர் யாவர்? இவ்வினாக்களுக்கு முகங்கொடாது முன்வைக்கப்படும் தீர்வுகள் யாதாகி முடிகின்றன என்பதை ஓர் உதாரணத்தின் வழியே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் பசளை. காலநிலை மாற்றம் போன்ற பெரும் பொருள்கள் இருக்க, இலக்கிய மாணவராகிய நாம் பசளையை நாடியது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் முதலாளித்துவ உலகம் கண்டங்கடந்த அளவில் எதிர்கொண்ட சுற்றாடல் நெருக்கடிகளுள் மிக முந்தியவற்றுள் ஒன்று மண்வளம் குன்றியமையே. அதற்குக் காணப்பட்ட தீர்வுகளுக்கு இன்று ஏறத்தாழ 180 ஆண்டு வரலாறு உண்டு. ஒரு தீர்வின் பலாபலனை மதிப்பிடுவதற்கு அவ்வளவு காலமேனும் வேண்டும்.

தமிழ் வழக்கும் இங்கு நமக்கு ஒரு தடயத்தைத் தருகிறது. திருக்குறளின் உழவு அதிகாரம் போற்றுவது எருவை. எரு என்பது தொழுவத்திலிருந்தும் வேலியோரக் குழையிலிருந்தும் வயலுக்குச் செல்வது. வயல் விளைத்தது மீண்டும் வயலையே சேர்வது. இன்று நம் கமக்காரர் நாவில் வழங்கும் 'பசளை' பெரும்பாலும் பையில் வருவது, விலைக்கு வருவது, கப்பலில் வருவது. ஒரு சொல் பின்தள்ளப்பட்டு மற்றொன்று முன்வந்தமைக்குப் பின்னால் ஒரு சமூக மாற்றமே அடங்கியுள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரித்தானிய விவசாயம் இம்மாற்றத்தின் வாயிலில் நின்றது. கிராமத்து நிலம் விளைத்த தானியமும் இறைச்சியும் கம்பளியும் நகரத்துக்குச் சென்றன. அவற்றுடன் மண்ணின் நைதரசனும் பொசுபரசும் பொற்றாசியமும் சென்றன. நகரத்தில் உண்ணப்பட்டவற்றின் எச்சம் வயலுக்குத் திரும்பவில்லை. அது தேம்ஸ் நதியை அடைந்தது. 1858ஆம் ஆண்டுக் கோடையில் அந்நதியின் துர்நாற்றம் கரையிலிருந்த பாராளுமன்றத்தின் அலுவல்களையே குழப்பியது. நகரத்தில் நாற்றமாயும் கிராமத்தில் மண்ணின் வறுமையாயும் தோன்றியவை ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்க.

இதனை விஞ்ஞான அடிப்படையில் விளக்கியவர் ஜேர்மானிய இரசாயனவியலாளர் யுஸ்டஸ் வொன் லீபிக். 1840இல் வெளிவந்த அவரது விவசாய இரசாயன நூல் பயிரின் ஊட்டத் தேவையை வரையறுத்தது. 1862ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையோ பிரித்தானிய விவசாயத்தைக் கொள்ளை எனக் கண்டித்தது. ஐரோப்பாவின் பழைய போர்க்களங்களிலிருந்து எலும்புகளைக்கூட அந்நாடு தன் வயல்களுக்கு அள்ளிச் செல்வதாக அவர் குற்றஞ்சாட்டினார். 1866 பெப்ரவரியில் ஏங்கல்சுக்கு எழுதிய கடிதமொன்றில், நிலவாரம் பற்றிய தமது ஆய்வுக்குப் பொருளியலாளர் அனைவரிலும் லீபிக் முதலானோரின் இரசாயனமே கூடுதலாகப் பயன்பட்டதாக மார்க்ஸ் குறிப்பிட்டார். அடுத்த ஆண்டு வெளிவந்த மூலதனத்தின் முதலாம் பாகத்தில், முதலாளித்துவ விவசாயத்தின் முன்னேற்றம் தொழிலாளியை மட்டுமன்றி மண்ணையும் சூறையாடும் கலையில் ஏற்பட்ட முன்னேற்றமே என்னும் முடிவுக்கு அவர் வந்தார். நம் நாட்டு முற்போக்காளர் மூலதனத்திலிருந்து எவ்வளவோ பகுதிகளை எடுத்தாண்டிருக்கின்றனர். இப்பகுதி அவர்தம் கண்ணிற் பட்டது அரிது.

மார்க்ஸ் எழுதிக்கொண்டிருந்த அக்காலத்திலேயே சந்தை தனது தீர்வைக் கண்டுவிட்டிருந்தது. அத்தீர்வின் பெயர் குவானோ. பேரு நாட்டின் கரைக்கப்பால் உள்ள சின்சாத் தீவுகளில் மழை மிக அரிது. குளிர்ந்த கடல்நீரோட்டத்தில் செறிந்து வாழும் நெத்தலியை உண்ணும் நீர்க்காகம் முதலிய பறவைகளின் எச்சம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கரையாது குவிந்து, சில இடங்களில் நூறடிக்கும் மேலான படையாக இறுகியிருந்தது. அதன் பயனை அந்நாட்டவர் முன்னரே அறிந்திருந்தனர். இன்கா ஆட்சியில் இனப்பெருக்கக் காலத்தில் அத்தீவுகளுட் புகுவதும் பறவைகளைக் கொல்வதும் மரண தண்டனைக்குரிய குற்றங்களாக இருந்தன எனக் கார்சிலாசோ டி லா வேகா 1609இல் எழுதினார். அச்சட்டம் கொடியதே. ஆயினும் அது மூலவளம் எது என்பதைச் சரியாக இனங்கண்டிருந்தது. வளம் பறவையில் இருந்தது; குவியல் அதன் விளைவு மாத்திரமே.

1840களில் தொடங்கிய ஏற்றுமதி குவியலை மட்டுமே கண்டது. நான்கு தசாப்தங்களில் 1 கோடித் தொன்னுக்கு மேற்பட்ட குவானோ ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் சென்றது. அதனை வெட்டியவர் யாவர்? கைதிகளும் அடிமைகளும் முதலில். பின்னர் பெருமளவிற் சீனக் கூலிகள். 1849க்கும் 1874க்கும் இடையில் ஏறத்தாழ 90,000 சீனர் ஒப்பந்தக் கூலிகளாகப் பேருவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் கரும்பு, பருத்தித் தோட்டங்களுக்குச் சென்றனர்; சின்சாத் தீவுகளுக்கு அனுப்பப்பட்டோர் அமோனியா நெடி வீசும் தூசியில் நாள்முழுதும் வெட்டினர். பாறையுச்சியிலிருந்து கடலிற் குதித்து உயிர்நீத்தோர் பற்றி அக்காலப் பிரயாணிகள் பலர் எழுதியுள்ளனர். அதே ஆண்டுகளில் தென்னிந்தியத் தமிழர் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்து மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை அடைந்துகொண்டிருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. இரு கடற்கரைகளிலும் இயங்கியது ஒரே உழைப்புச் சந்தையே.

குவானோ வருமானத்தைக் கொண்டு பேரு அரசு 1854இல் அடிமை முறையை ஒழித்தது. நட்டஈடு அடிமைகளின் எஜமானருக்கே கிடைத்தது. விடுதலை பெற்றோரின் இடத்தைச் சீனர் நிரப்பினர். குவியலை ஈடாக வைத்து வாங்கிய கடனைத் தீர்க்க இயலாது 1876இல் அரசு கைவிரித்தது. இதற்கிடையில் 1856ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் மூலம், வேறெவருக்கும் உரித்தல்லாத குவானோத் தீவுகளைக் கைப்பற்ற ஐக்கிய அமெரிக்கா தன் குடிகளுக்கு அதிகாரமளித்தது. 1864இல் ஸ்பானியக் கடற்படை சின்சாவைப் பிடித்தது. பறவை எச்சத்துக்காகப் பேரரசுகள் மோதியமை இன்று நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். எண்ணெய்க்கான போர்களைக் கண்ட நாம் நகைப்பதற்கில்லை.

குவியல் குறையவே, தேட்டம் அத்தகாமாப் பாலைநிலத்து வெடியுப்பின் பக்கம் திரும்பியது. அந்நிலத்துக்காக 1879இல் மூண்ட போரில் பேருவும் பொலிவியாவும் சிலியிடம் தோற்றன. பொலிவியா தன் கடற்கரையை இழந்தது. இன்றுவரை அதனை மீட்கவில்லை. வென்ற சிலியின் தொழிலாளருக்கோ வெற்றியிற் பங்கில்லை. 1907 டிசெம்பரில் இக்கீக் நகரப் பாடசாலையொன்றிற் கூடியிருந்த வேலைநிறுத்தக்காரர் மீது இராணுவம் சுட்டுப் பெருந்தொகையினரைக் கொன்றது.

வெடியுப்பும் ஒருநாள் தீரும் என 1898இல் வில்லியம் குரூக்ஸ் என்னும் விஞ்ஞானி பிரித்தானிய விஞ்ஞானச் சங்கத்தில் எச்சரித்தார். பதினோர் ஆண்டுகளின் பின் பிரிட்ஸ் ஹாபர் வளியின் நைதரசனையும் ஐதரசனையும் உயர் அமுக்கத்தில் இணைத்து அமோனியா பெற்றுக் காட்டினார். கார்ல் பொஷ் அதனைத் தொழிற்சாலை முறையாக்க, 1913இல் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கியது. மறுவருடம் போர் மூண்டது. வயலுக்கென்று கண்ட அமோனியா வெடிமருந்துக்குச் சென்றது. இம்முறை பின்னர் உலகின் பசி தீர்த்த வரலாற்றை நாம் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. இன்று உலக மக்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேரின் உணவு செயற்கை நைதரசனில் தங்கியுள்ளது எனக் கணிக்கப்படுகிறது. பழைய எருவுக்கே திரும்புவோம் என எளிதிற் கூறுவோர் இவ்வரைவாசியில் எவரைக் கைவிடுவர் என்பதையும் கூறுதல் வேண்டும்.

ஆனால் அதன் விலையும் உலகளாவியதே. ஐதரசன் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் பெறப்படுவதால் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. வயலிலிடும் நைதரசனில் ஏறத்தாழ அரைவாசி பயிரைச் சேர்வதில்லை. நீரிற் கலந்தது ஆறுகள் வழியே கடலை அடைந்து, மெக்சிக்கோ வளைகுடாவிற் போல, ஒட்சிசன் அற்ற பரப்புகளை உண்டாக்குகிறது. வளியிற் கலந்த நைதரசு ஒட்சைட்டு, நூறாண்டுக் கணக்கில், காபனீரொட்சைட்டிலும் சுமார் 270 மடங்கு வெப்பமூட்ட வல்லது. பொசுபேற்றின் கதை இன்னும் வெளிப்படையானது. பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்றின் வயல்களுக்காக நவுறுத் தீவின் பெரும்பகுதி அகழ்ந்தெடுக்கப்பட்டுப் பயிரேறாப் பாறையாயிற்று. பனாபாத் தீவின் மக்கள் 1945இல் பீஜியைச் சேர்ந்த வேறொரு தீவில் கொண்டுபோய் விடப்பட்டனர்.

தீர்வுகள் ஒவ்வொன்றும் தன்னளவில் வெற்றியே. பிரித்தானிய வயல் விளைந்தது. காயம் மாத்திரம் இடம் மாறிக்கொண்டிருந்தது: சின்சாவுக்கு, அத்தகாமாவுக்கு, நவுறுவுக்கு, ஈற்றில் எவரும் உரிமை கோராத வளிக்கும் கடலுக்கும்.

நம் மரபும் இதில் முற்றாகக் குற்றமற்றதன்று. செயற்கைப் பசளை கிடைக்கிறது என்பதற்காக இயற்கை எருவை வீணாக்கி ஆறுகளை அசுத்தமாக்குவது அறிவுடைமையாகாது என லெனின் 1901இல் விவசாயப் பிரச்சினை பற்றி எழுதுகையில் வாதிட்டார். ஆயினும் பருத்திக்காக ஏரல் கடலை வற்றச் செய்தது சோவியத் திட்டமிடலே. சொத்துரிமை மாறினால் இயற்கையுடனான உறவு தானே சீர்ப்படும் என்று நம்மிற் பலர் நம்பியிருந்தோம். உற்பத்தித் தொகையையே முன்னேற்றத்தின் அளவுகோலாக வைத்த வரையில் அது சீர்ப்படவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2021 மே மாதத்தில் இலங்கை அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தது. மண்ணும் மக்களின் ஆரோக்கியமும் காரணமாகக் கூறப்பட்டன. அந்நியச் செலாவணி வறட்சி அவற்றின் பின்னால் நின்றது. ஏழு மாதம் செல்லுமுன் தடை கைவிடப்பட்டது. அதற்குள் பெரும்போகம் தொடங்கியிருந்தது. விளைச்சல் பெரிதும் வீழ்ந்து, அரிசியில் ஏறத்தாழத் தன்னிறைவு பெற்றிருந்த நாடு அரிசியை இறக்குமதி செய்தது. சேதனப் பசளை என்னும் கருத்தே இதனால் பொய்த்துவிட்டது என்பார் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. சோவியத் ஒன்றியத்தின் வீழ்ச்சியோடு பசளை வரத்தைப் பெருமளவு இழந்த கியூபா, 1993இல் அரச பண்ணைகளைக் கூட்டுறவுகளாகப் பிரித்தது, ஆய்வு நிலையங்களை ஈடுபடுத்தியது, நகரத்து வெற்று நிலங்களைத் தோட்டங்களாக்கியது. அவ்வளவு செய்தும் அது இன்றும் தன் உணவின் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. இங்கோ நிலவுடைமையும் கடனும் சந்தையும் இருந்தவாறே இருக்க, வர்த்தமானி அறிவித்தல் ஒன்றே மாற்றமெனக் கொள்ளப்பட்டது. காயம் மீண்டும் இடம் மாறியது. இம்முறை அது சிறு கமக்காரரின் வயலுக்கு வந்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. அங்கு ஆறில்லை, சுண்ணக்கல்லின் கீழுள்ள நீரே குடிநீரும் பாசன நீரும். பூவரசங் குழை தாழ்த்தலும் பனையோலை புதைத்தலும் பட்டி அடைத்தலும் அம்மண்ணைப் பேணி வந்தன. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை தேடித்தந்தபோது பசளைப் பாவனையும் பெருகியது. சிறு கமக்காரர் முதன்முறையாக நிமிர்ந்து நின்ற காலம் அது. அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் செறிந்த பயிர்ச்செய்கைப் பகுதிகளின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று குடிநீருக்கான எல்லையைத் தாண்டியுள்ளதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன.

எப்பாவலவின் அனுபவம் சற்று வேறானது. அநுராதபுர மாவட்டத்தின் அப்பொசுபேற்றுப் படிவு 1971இல் கண்டறியப்பட்டது. 1990களில் ஓர் அமெரிக்கப் பல்தேசியக் கம்பனி அதனை முப்பது ஆண்டளவில் அகழ்ந்து, திருகோணமலையிற் பசளையாக்கி ஏற்றுமதி செய்ய முன்வந்தது. நவுறுவின் கதை இங்கும் தொடங்கவிருந்தது. அப்பகுதிக் கமக்காரர் சிலர் உயர் நீதிமன்றம் சென்றனர். அகழவிருந்த நிலத்தினூடு, கலாவெவவிலிருந்து அநுராதபுரத்துக்கு நீர் கொண்டுசெல்லும் பண்டைய ஜயகங்கைக் கால்வாய் ஓடுகிறது. படிவின் அளவும் தன்மையும் முறையாக ஆராயப்பட்டுச் சுற்றாடல் அங்கீகாரம் பெறப்படும்வரை எந்த ஒப்பந்தமும் செய்யலாகாது என 2000 ஜூனில் தீர்ப்பு வந்தது. வருங்காலத் தலைமுறையினரின் பங்கும் அதிற் கருத்திற் கொள்ளப்பட்டது. எவ்வேகத்தில் எவருக்காக அகழ்வது என்னும் வினாவை, அந்நிலத்தில் வாழ்வோரே எழுப்பி வெற்றிகண்ட ஒரு சந்தர்ப்பம் இது. படிவு இன்று அரசுக் கம்பனியொன்றால் சிறிய அளவில் அகழப்படுகிறது. அப்பொசுபேற்று நீரில் எளிதிற் கரையாதாதலின் தேயிலை, றப்பர், தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கே இடப்படுகிறது. நெல்லுக்கு வேண்டியது இன்னும் கப்பலிலேயே வருகிறது.