ஆங்கர் பீர் ஆலை

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1896-இல் இப்பெயரை ஏற்று, பெருநிறுவனங்களின் ஆதிக்கத்துக்கிடையே 'கிராஃப்ட்' பீர் எனப்படும் சிற்றாலைத் தயாரிப்புக்கு முன்னோடியாய் விளங்கிய ஸ்தாபனம். பனிக்கட்டி அரிதாயிருந்த காலத்தில், குளிர்ச்சியை வேண்டும் லாகர் ஈஸ்ட்டை ஆழங்குறைந்த, அகன்ற, திறந்த தொட்டிகளில் சற்று மிகுந்த உஷ்ணத்திலேயே நொதிக்கவிடும் வழக்கத்திலிருந்து பிறந்ததே இதன் பிரசித்தி பெற்ற 'ஸ்டீம்' பீர்.

மூடும் தறுவாயிலிருந்த ஆலையின் பெரும்பங்கை 1965-இல் வாங்கிய ஃபிரிட்ஸ் மேடாக், சலவை இயந்திரங்களால் செல்வம் திரட்டிய குடும்பத்தின் வாரிசாயினும், விற்பனைப் பெருக்கத்தைவிடச் சுத்தத்தையும் ருசியையுமே பிரதானமாகக் கொண்டு, 1971-இல் புட்டியில் அடைக்கத் தொடங்கி, 1975-இல் காஸ்கேட் வகை ஹாப்ஸ் பூக்களின் நறுமணம் ததும்பும் 'லிபர்ட்டி ஏல்' என்பதையும் அளித்தார். பின்னெழுந்த சிற்றாலைகள் பலவற்றுக்கு அந்த மணமே வழிகாட்டிற்று எனலாம்.

2010-இல் கைமாறிய ஆலை, சிகாகோவின் கூஸ் ஐலண்ட் சிற்றாலை 2011-இல் ஆன்ஹைசர்-புஷ் என்னும் பேராலை வசமானதுபோல, 2017-இல் ஜப்பானின் சப்போரோ நிறுவனத்தைச் சேர்ந்தது. போட்டியாளரை வெல்வதினும் விலைக்கு வாங்குவது பெருநிறுவனங்களுக்குச் சுலபம். ஆயினும் வாங்கியது தழைக்கும் என்ற நிச்சயமில்லை. 2021-இல் மாற்றிய முகப்புச்சீட்டு பழைய அபிமானிகளுக்கு ரசிக்கவில்லை. தன் வாசலிலேயே விற்றுப் பிழைக்கும் சிற்றாலைக்கும், நாடெங்கும் விநியோக வலை விரித்த பேராலைக்கும் நடுவே அகப்பட்ட மத்திம ஆலைகளின் சங்கடம் இதனையும் விடவில்லை. 2023 ஜூலையில் மூடுவதாக அறிவிப்பு வந்தது. சோபானி தயிர் நிறுவனத்தை ஸ்தாபித்த ஹம்தி உலுகாயா 2024-இல் இதனை வாங்கி, மீண்டும் இயக்கும் எண்ணத்தை வெளியிட்டார்.