ஐலா தீவின் புகைவாசனை விஸ்கி

புகைவாசனை விஸ்கிக்குப் பெயர்பெற்றது ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள ஐலா தீவு. அங்கு மரங்கள் குறைவு. சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய ‘பீட்’ கட்டிகளே வீட்டு அடுப்புக்கும் ஆலைக்கும் எரிபொருளாயின. முளைகட்டிய பார்லியை அந்த நெருப்பில் உலர்த்தும்போது புகையிலுள்ள ஃபீனால் சேர்மங்கள் தானியத்தில் படிகின்றன. 19ஆம் நூற்றாண்டில் ரயில் வழியாக நிலக்கரி கிடைத்ததும் பெருநிலத்து ஆலைகள் பல பீட்டைக் குறைத்தன. 1779இல் தொடங்கிய பௌமோர், 1815இல் தொடங்கிய லஃப்ராய்க் போன்ற ஐலா ஆலைகளோ அதை விடவில்லை.

விலை குறைந்த புட்டியை மதிப்பிடுவோர் வயதைப் பார்த்து ஏமாறுவதுண்டு. ஸ்காட்ச் என்று அழைக்க ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் இருந்தால் போதும். ஆண்டுகள் கூடக் கூடப் புகை மங்கும். ஆகவே புகையை விரும்புவோருக்கு 10 ஆண்டுச் சரக்கே பெரும்பாலும் ஏற்றது. பல மடங்கு விலையுள்ள 25 ஆண்டுச் சரக்கில் அந்த வீச்சு இராது. பத்து லட்சத்தில் எத்தனை பங்கு ஃபீனால் என்று விளம்பரங்களில் வரும் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. அது முளைகட்டிய பார்லியில் அளந்தது. வடிக்கும்போது பெரும்பகுதி போய்விடும். லாகவூலினும் கல் ஈலாவும் ஒரே அளவு புகையூட்டிய பார்லியைப் பயன்படுத்தியும் சுவையில் வேறுபடுகின்றன.

இளம் சரக்கின் குறைகளைப் புகை மறைத்துவிடும். சில துளி தண்ணீர் விட்டால் காட்டம் தணியும். அப்போது புகைக்கு அடியில் பார்லியின் இனிப்புத் தெரிந்தால் அது நல்ல சரக்கு. சாம்பல் கசப்பு மட்டுமே எஞ்சினால் இன்னும் முதிராதது.